நகத்தோடு போன எலும்பு

இந்த வியாழக்கிழமை மிருக வைத்தியரின் வரவேற்பறையில், தடுப்பூசிக்குக் கொண்டுபோன என் பூனையை மடியில் கூண்டோடு வைத்துக்கொண்டு இருந்தேன். பின் வரிசையில் ஒரு பெடியன் தன் தாய்க்குச் சொன்னான்:

"ஒண்டுமில்லை அம்மா. நகத்தை எடுத்துவிடுவினமாம். அவ்வளவுதான்."

எனக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அது என்னுடைய வசனம். எட்டு வருடங்களுக்கு முன், இதே ஸ்காபரோவில், வேறொரு வைத்தியசாலையில், வேறொரு பெண்ணுக்கு நான் சொன்ன வசனம். 'அவ்வளவுதான்' உட்பட.

அவர்கள் வெளியே போனதும் கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பனி உருகிச் சேறாகிக் கிடந்த வாகனத் தரிப்பிடத்தில் அந்த அம்மாவை மறித்தேன். அவர் கையில் ஒரு தக்காளிப் பெட்டி. அதற்குள் சாம்பல் நிறக் குட்டி ஒன்று.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. நகத்தை மட்டும் எடுக்கிறேல்லை. விரலின்ரை கடைசி எலும்போடை சேர்த்து வெட்டுறது. முன்னங்கால் பத்து விரலிலையும்."

அவர் பெட்டியை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையை விரித்துத் தன் விரல்களைப் பார்த்தார்.

"நகம் வெட்டிற மாதிரி எண்டெல்லோ இவன் சொன்னவன்?"

"கமோன் அம்மா, கனபேர் செய்யிறதுதானே," என்றான் பெடியன். என்னை முறைத்தான். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். அவனில் எனக்குக் கோபமே வரவில்லை.

"உது சட்டப்படி சரியோ பிள்ளை?"

"வேறை கன மாகாணங்களிலை தடை அன்ரி. இஞ்சை இன்னும் கேட்டால் செய்யிற இடங்கள் இருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அடுத்த வெள்ளிக்குத் திகதி தந்திட்டினம். நீ ஒண்டு செய். இதை எழுதித் தா. இவன்ரை அப்பா நான் சொன்னால் கேக்கமாட்டார். எழுத்திலை கண்டால்தான் நம்புவார்."

பையைத் துழாவினேன். வரவேற்பறை மேசையில் ஆங்கிலத்தில் கட்டுக்கட்டாகத் துண்டுப் பிரசுரங்கள் கிடந்தன. தமிழில் ஒரு வரி இல்லை. அந்தச் சேற்றில் நின்றபோதுதான் யோசனை வந்தது. ஒரு பக்கம், தமிழில், ஒன்றும் விடாமல் முழுவதும் எழுத வேண்டும். அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு காருக்குள் ஏறி, அப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். நான் அப்படித்தான், எதையும் தொடங்குவதில் புலி. ஆனால் 'முழுவதும்' என்ற சொல்லைத் தாண்டிப் பேனா நகரவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறொரு அன்ரி நின்றார், எட்டு வருடங்களுக்கு முன் நான் அந்த வசனத்தைச் சொன்ன அன்ரி.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் அவர் கதையை எழுதுகிறேன். பெயரையாவது அவரிடமே விட்டுவிடுகிறேன்.

ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில், நாலு வருடம் வாடகைக்கு இருந்தார். தனி ஆள். சலாட் பொதி செய்யும் தொழிற்சாலையில் காலை வேலை. குள்ளமான உருவம், இரும்பு முனை வைத்த பெரிய சப்பாத்து, கோட்டுப் பையிலிருந்து எப்போதும் எட்டிப் பார்க்கும் தலைமுடி வலை. நாள் முழுக்கக் குளிர்ந்த கீரையைப் பிரித்துப் பிரித்து அவர் விரல்கள் யூலை மாதத்திலும் சில்லென்றிருக்கும். அந்த விரல்களால் ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மாலையில் படியேறி வருவார்.

"பிள்ளை, உதை ஒருக்கா வாசி."

நான் கண்ணால் ஓட்டிவிட்டு, "மின்சாரக் கொம்பனி அன்ரி. ஒண்டுமில்லை, விளம்பரம்," என்பேன்.

"இவ்வளவுதானோ?"

"ஓம்."

"ரெண்டு பக்கத்துக்கு அடிச்சிருக்கிறான். நீ ரெண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டாய். கீழை சின்னனாய்க் கிடக்கே, உதென்ன?"

அந்தச் சின்ன எழுத்தையும் வாசிக்க வேண்டும். ஒருமுறை பீட்சாக் கடை விளம்பரத்தின் நிபந்தனைகள் முழுவதையும் மொழிபெயர்க்க வைத்தார். மூன்று பீட்சா வாங்கினால்தான் கழிவு, அதுவும் செவ்வாய்க்கிழமை மட்டும், வேறு கழிவுகளோடு சேர்க்க முடியாது. கடைசிவரை கேட்டுவிட்டு, "அவன் கள்ளன். நான் வாங்கேல்லை," என்று மடித்துக் குப்பையில் போட்டார். வாங்கும் எண்ணம் அவருக்கு முதலிலும் இருந்ததில்லை.

முழங்கால் டொக்டரிடம் கூட்டிப்போனபோது இன்னும் மோசம். டொக்டர் எலும்புக்கூட்டுப் படம் காட்டிப் பத்து நிமிடம் விளக்கினார். நான், "மருந்து தருவினமாம் அன்ரி," என்றேன்.

"பத்து நிமிசமும் அவர் மருந்து மருந்து எண்டோ சொல்லிக்கொண்டு இருந்தவர்?"

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்திருப்பார்.

'இவ்வளவுதானோ' என்ற இந்தக் கேள்வி எனக்கு அலுப்பாக இருந்தது. அம்மாவிடம் முறையிட்டிருக்கிறேன்: "அவவுக்கு என்னிலை நம்பிக்கை இல்லை." இதை அன்ரியும் கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டு, நான் கேளாமலே சொன்னார். தான் அகதியாக வந்த காலத்தில் நடந்த விசாரணையில் அரை மணித்தியாலம் அழுதழுது கதைத்தாராம். மொழிபெயர்க்க வந்தவர் அதை மூன்று வசனத்தில் முடித்துவிட்டாராம்.

"என்னை ஏத்துக்கொண்டிட்டினம். அதிலை ஒரு குறையும் சொல்லேலாது. ஆனால் என்ரை அண்ணை எப்பிடிச் செத்தவர் எண்டு நான் சொன்னனான் பிள்ளை. ஒண்டும் விடாமல் சொன்னனான். பிறகு ஒராளைக் கொண்டு அந்தப் பேப்பரை வாசிப்பிச்சுப் பாத்தால், 'சகோதரர் இறந்தார்' எண்டு மட்டும் கிடக்கு. நான் சொன்னது அதில்லை."

அதன் பிறகு சில வாரங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். பிறகு பரீட்சைக் காலம் வந்துவிட்டது.

பூனைக்கு வருகிறேன். ஒரு மார்கழியில் எங்கள் கராஜுக்குள் ஒதுங்கியிருந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காது கறுப்பு. அன்ரி அதற்குத் துரை என்று பெயர் வைத்து, 'நீர்' போட்டுக் கதைத்தார். "எழும்பும் துரை, மீன் ஆறுது." "இஞ்சை பாரும், இண்டைக்கு வேலையிலை என்ன நடந்தது தெரியுமோ?" மேலிருந்து கேட்டால் ஒரு ஆள் வந்திருக்கிறது போலிருக்கும். துரைக்கு மட்டும் அவர் ஒருநாளும் எதையும் சுருக்கிச் சொன்னதில்லை.

துரைக்கு நகம் கூர்ப்பிக்க இரண்டு இடங்கள் பிடித்திருந்தன. ஒன்று, அன்ரியின் குசினி மூலையில் நிமிர்த்தி வைத்த பாசுமதி அரிசிச் சாக்கு. முன்னங்கால்களைத் தூக்கி வைத்து, முதுகை நீட்டி, சணல் சரசரக்க இழுப்பான். மற்றது, அப்பா தன் கையால் படிகளுக்குப் போட்ட புதுக் கம்பளம். சாக்கு முடிந்து அரிசியை வாளியில் கொட்டிவிட்ட நாட்களில் கம்பளத்தின் பாடு பெரும்பாடு. இதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. நான் இப்போதுதான் பொருத்திப் பார்க்கிறேன்.

அப்பா கெட்டவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை படியில் குந்தி, பிய்ந்த நூல்களைத் தடவிக்கொண்டு அன்ரியிடம் சொன்னார்:

"தங்கச்சி, எனக்குப் பூனையிலை ஒரு கோவமும் இல்லை. நகத்திலைதான் கோவம். வேலையிலை ஒருத்தன் சொன்னவன், உதை எடுத்துவிடலாமாம். பிறகு ஆயுசுக்கும் கரைச்சல் இல்லையாம். எடுத்தால் பூனை இருக்கட்டும். இல்லாட்டி ஆருக்கும் குடுத்துவிடுங்கோ."

"நோகுமோ அண்ணை?"

"மயக்கித்தானே எடுப்பினம்."

அன்ரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்போது எனக்கு அதைப்பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியாததைப் பற்றித் தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

துரையை வைத்தியரிடம் கொண்டுபோன அன்றைக்கு எனக்கு இரண்டு மணிக்குப் பரீட்சை. ஒன்று பத்துக்கு நாங்கள் வைத்தியரின் அறைக்குள் இருந்தோம். துரை அன்ரியின் கோட்டுக்குள் தலையைப் புதைத்திருந்தான். வைத்தியர் இளம் பெண். அவசரமே இல்லாமல் கதைத்தார். இதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் தன் கருத்து என்று தொடங்கினார். இது நகம் எடுப்பதில்லை, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டுவது என்றார். பூனை மலசலம் கழிக்கிற மண் பெட்டிக்குள் கால் வைக்க நோகும், பிறகு கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கலாம். நகம் இல்லாத பூனை பல்லை எடுக்கும். ஏறித் தப்ப முடியாது. இரண்டு கிழமைக்கொருமுறை நுனியை வெட்டிவிட்டு, சொறிய ஒரு கம்பம் வைத்தால் போதும், பழக்க நான் உதவுகிறேன் என்றார். தன் ஆட்காட்டி விரலை நீட்டி, மற்றக் கையின் ஓரத்தைக் கத்தி மாதிரி கடைசி மடிப்பில் வைத்துக் காட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, "இதெல்லாவற்றையும் அவருக்குச் சொல்லுங்கள்," என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. தமிழ்ச் சொல் வரவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். எலும்பு என்பது ஆட்டிறைச்சிக் கறியோடு படிக்கிற சொல். சொன்னால் அன்ரி மாட்டேன் என்பார். மாட்டேன் என்றால் பூனையோடு வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டில் அப்பா. சுவரில் மணிக்கூடு. ஒன்று இருபத்திரண்டு.

"நகத்தை எடுத்துவிடுவினமாம் அன்ரி. ரெண்டு மூண்டு நாளிலை மாறிடுமாம்."

"இவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"அவ ஏன் தன்ரை விரலைக் காட்டினவ?"

"நகம் எங்கை இருக்கெண்டு காட்டினவ."

அன்ரி வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் என்னைப் பார்த்தார். "அவருக்கு விளங்கியதா?" என்று கேட்டார். "விளங்கியது. பூனையை வேறு வழியில் வைத்திருக்க முடியாது," என்றேன். அந்தப் பெண் பெருமூச்சு விட்டுத் தாளை நகர்த்தினார். அன்ரி சைன் வைப்பதற்கும் நேரம் எடுப்பவர். தமிழில் முழுப்பெயரையும், தகப்பன் பெயரோடு, ஓர் எழுத்தும் சிதையாமல் எழுதினார். பரீட்சைக்கு நான் ஐந்து நிமிடம் முந்திப் போய்விட்டேன்.

துரை இரண்டு முன்னங்காலிலும் கட்டோடு வந்தான். மண்ணுக்குப் பதிலாகக் கடதாசி கிழித்துப் போட்டோம். பெட்டிக்குள் ஒரு காலை வைப்பான், உடனே எடுப்பான், உதறுவான், வெளியே பாய்வான். கட்டு அவிழ்த்த பிறகும் அப்படித்தான். பிறகு அன்ரியின் போர்வை, துவைக்க வைத்த உடுப்பு, அப்பாவின் வேலைச் சப்பாத்து என்று மெத்தென்று இருந்த இடமெல்லாம் ஈரம். தூக்கப் போன அன்ரியின் பெருவிரலைக் கடித்தான். அதற்கு முன் ஒருநாளும் பல் காட்டியவனில்லை.

அவன் அரிசிச் சாக்குக்கு முன்னால் போய் நின்ற நாளை மறக்க முடியவில்லை. பழையபடி முன்னங்கால்களைத் தூக்கிச் சாக்கில் வைத்தான். இழுத்தான். சத்தம் வரவில்லை. கால்களை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தான். திரும்பவும் சத்தம் வரவில்லை. பிறகு அங்கேயே படுத்துப் பாதத்தை நக்கத் தொடங்கினான். அன்ரி கையில் அகப்பையோடு நின்றபடி இதைப் பார்த்தார். நான் படியில் நின்றபடி அவரைப் பார்த்தேன்.

அடுத்த கிழமை அவர் மேலே வந்தார். கையில் கடிதம் இல்லை.

"பிள்ளை, பூனையின்ரை விரலை அமத்தினால் நகம் வெளியாலை வரும். இவருக்கு அந்த நுனியே இல்லை. அமத்திப் பாத்தன். உள்ளுக்கை ஒண்டும் தட்டுப்படேல்லை. எலும்பையும் எடுத்துப்போட்டினம்."

நான் மேசையில் கிடந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"அந்த டொக்டர் பிள்ளை எலும்பெண்டு சொன்னவளோ?"

சொல்ல ஒரு வாய்ப்பு அதுதான். இரண்டாவது தடவையாகவும் நான் வேகமாக இருந்தேன்.

"இல்லை அன்ரி."

"கள்ளி," என்றார். "சொல்லாமல் செய்துபோட்டாள்."

அதன் பிறகு நான் கேட்டது ஒரு சாதாரண மனிசியின் குரல் இல்லை. தமிழ்க் கடை வரிசையிலும், கோவில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்திலும், பஸ்சிலும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் அந்த வைத்தியரைப் பற்றிச் சொன்னார். "முழுக்கச் சொல்லாமல் கையெழுத்து வாங்கிறவள். அங்கை போகாதேங்கோ." வழக்கம்போல் ஒன்றும் விடாமல் சொல்வார். விரலைக் காட்டியதையும் சொல்வார். "தன்ரை விரலைக் காட்டி நகம் எங்கை இருக்கெண்டவள். எனக்குத் தெரியாதோ நகம் எங்கை இருக்கெண்டு?" பக்கத்தில் பொருட்பையோடு நான் நிற்பேன். சிலவேளை என்னைச் சாட்சிக்கும் இழுப்பார். "இந்தப் பிள்ளையும் இருந்தவள். கேளுங்கோ." நான் தலையாட்டுவேன். எங்களுக்கு எட்டு நிமிடம் உண்மை சொன்ன ஒரு பெண்ணை நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஸ்காபரோ முழுக்கக் கள்ளியாக்கினோம்.

பேஸ்மென்ற் நாறத் தொடங்கியது. கம்பளத்தில் ஒரு நூல்கூடப் பிய்யவில்லை. ஆனால் கடைசிப் படிக்கட்டு முழுதும் சிறுநீரில் ஊறி, அப்பா தன் கையாலேயே கம்பளத்தை உரித்து எறிந்தார். இரண்டு நாள் கழித்து அன்ரியிடம், "தங்கச்சி, பூனையை..." என்று தொடங்கினார். அன்ரி வசனத்தை முடிக்க விடவில்லை. "நான் இடம் பாத்திட்டன் அண்ணை. ஒஷாவாவிலை," என்றார். ஒருவர் வசனத்தை முடிக்காமல் அவர் குறுக்கே கதைத்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

போகிற அன்று கூண்டைத் தன் மடியில் வைத்துக் காரின் முன் சீற்றில் இருந்தார். எனக்கு ஒரு தாவணியும் பெட்டி நிறையப் பயத்தம் பணியாரமும் தந்தார். "எனக்காண்டி எத்தினை இடம் அலைஞ்சிருப்பாய், நல்ல பிள்ளை நீ." கூண்டுக் கம்பிக்குள்ளால் ஒரு வெள்ளைப் பாதம் நீண்டிருந்தது. அது எதையும் பிடிக்கவில்லை.

இரண்டு மாரி கழித்து, ஒரு காலையில் அன்ரி தொலைபேசியில் அழைத்தார்.

"துரை போயிட்டார் பிள்ளை. கதவு சரியாப் பூட்டுப்படேல்லை. பக்கத்து வீட்டு நாய் கலைச்சது. வேலியிலை ஏறப் பாத்தவர்."

காத்திருந்தேன். ஒரு பீட்சா விளம்பரத்தைக் கால் மணித்தியாலம் பிரித்துப் பார்க்கிற மனிசி. முழங்கால் வலியை நரம்பு நரம்பாகச் சொல்கிற மனிசி.

"சரி, வைக்கிறன். வேலைக்கு வெளிக்கிட வேணும்."

இவ்வளவுதானோ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மிச்சம் எனக்குத் தெரிந்திருந்தது. மரவேலியில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்திருப்பான். இழுத்திருப்பான்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அழைக்கிறார். சுகம் கேட்கிறார். கதை எங்கே போனாலும் ஒருமுறை அந்த வைத்தியரிடம் வந்து திரும்பும். "அவள் மட்டும் எலும்பெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே துரையைக் கொண்டு வெளியாலை வந்திருப்பன்." ஓம் அன்ரி என்கிறேன். ஓம் என்பதுதான் நான் அவரிடம் அதிகம் சொன்ன சொல்.

இந்த இரண்டு இரவுகளில் அந்த அம்மா கேட்ட பக்கத்தை நாலு தரம் எழுதிவிட்டேன். முதல் பிரதி அழகாக இருந்தது. சின்னச் சின்ன வசனம், பெரிய எழுத்து, மூலையில் ஒரு பூனைப் படம். வாசித்துப் பார்த்தபோது திடுக்கிட்டேன். திரும்பவும் சுருக்கியிருக்கிறேன். இடம் காணாது என்று சிறுநீர்ப் பிரச்சினையை விட்டிருந்தேன். பயமுறுத்தக்கூடாது என்று 'வெட்டுதல்' இருந்த இடத்தில் 'அகற்றுதல்' போட்டிருந்தேன். கிழித்துவிட்டுத் தொடங்கினேன். இப்போது படம் இல்லை. விரலில் எந்த மடிப்பில் வெட்டுவார்கள் என்று இருக்கிறது. வாசிக்கிறவர் தன் விரலை எடுத்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. பிறகு என்னவெல்லாம் நடக்கலாம், சோபாவையும் கம்பளத்தையும் வேறு எப்படிக் காப்பாற்றலாம், நகத்தின் நுனியை எப்படி வெட்டுவது, எல்லாம் இருக்கிறது. கடை அரிசிச் சாக்கை ஆடாத கட்டையில் இறுக்கிச் சுற்றிப் பூனையின் முழு நீளத்துக்கு நிமிர்த்தி வையுங்கள் என்றும் இருக்கிறது. என் வீட்டில் அப்படியொன்று நிற்கிறது. சோபாவிலும் இரண்டு கீறல் உண்டு. அதையும் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் அந்தத் தக்காளிப் பெட்டி அம்மாவிடம் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கு முன் அந்தப் பெடியனின் அப்பா வாசிக்க வேண்டும். பெடியனோடும் கொஞ்சம் கதைக்கலாம் என்று பார்க்கிறேன். ஆனால் அதற்கு முதல், நாளைக்கு, பகல் ரயிலில் ஒஷாவாவுக்குப் போகிறேன். அன்ரிக்குத் தொலைபேசியில், "ஒரு பேப்பர் வாசிச்சுக் காட்ட வாறன்," என்று மட்டும் சொன்னேன். "வா பிள்ளை, மீன் வாங்கி வைக்கிறன்," என்றார்.

மேசையில் தாளை விரித்து, தலைப்பிலிருந்து வாசிப்பேன். எலும்பு வரும் வரியில் நிறுத்த மாட்டேன். கடைசி வரிவரை அவர் தன் குளிர்ந்த விரல்களைக் கோத்துக்கொண்டு கேட்பார். பிறகு தலையை நிமிர்த்தி, 'இவ்வளவுதானோ' என்று அந்தக் கேள்வியைக் கேட்பார்.

இல்லை அன்ரி, இன்னும் கிடக்கு என்று இந்த முறை சொல்லிப் பார்க்க வேண்டும்.